படக்காட்சிக் கோப்பு என்றால் வெறும் படம்தானா?



உங்கள் வீட்டுக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பாடம், மகளின் பல்கலைக்கழக விண்ணப்பம், குடும்பத்தார் அனைவரின் ஐ.சி. நகல், பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கின் கடவுச்சொல், காலமாகிவிட்ட தாத்தாவின் படம். இத்தனையும் இருக்கும் இடத்துக்குள் யாரோ அனுப்பிய ஒரு கோப்பை இரண்டு முறை சொடுக்கி உள்ளே விடுகிறோம். அது பவர்பாயிண்ட் கோப்பாக இருந்தால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. படமும் எழுத்தும் கொஞ்சம் இசையும்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறோம்.

மின்னஞ்சல் பரவத் தொடங்கிய காலத்தில் முருகன் படம், தீபாவளி வாழ்த்து, பொன்மொழிகள் என்று எத்தனை படக்காட்சிகள் நம்மவரிடையே கைமாறின! "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்ற கட்டளையோடு வரும், நாமும் அனுப்பினோம். இப்போது அதே கோப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. தேர்வுப் பயிற்சி, டியூஷன் பாடம், சங்கக் கூட்ட அறிக்கை என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பவர்பாயிண்ட் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை ஏற்கெனவே சிலர் பயன்படுத்தித் தாக்குகிறார்கள், திருத்தம் இன்னும் தயாராகவில்லை என்பது அதன் சாரம். ஆபிஸ் 2000, எக்ஸ்பி, 2003 ஆகிய பதிப்புகளில் அந்த ஓட்டை இருந்தது. 2007 பதிப்பு தப்பியது. திருத்தம் வந்தது மே 12-ஆம் தேதி. இடையில் நாற்பது நாள் கதவு திறந்தே கிடந்தது! அன்று வெளியான அந்த ஒரே திருத்தத்தில் பவர்பாயிண்டின் பதினான்கு ஓட்டைகளை அடைத்தார்கள்.

படம் காட்டும் மென்பொருளில் ஓட்டை எப்படி வரும்? தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு எளிதாகவே புரியும். தோட்டத்தில் முந்நூறு நிரைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கொண்டுவரும் துண்டில் "ஐந்நூறாவது நிரை" என்று எழுதியிருந்தால் கிராணி என்ன செய்வார்? சிரித்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுப்பார். பவர்பாயிண்ட் கோப்புக்குள்ளும் இப்படிப்பட்ட எண்கள் ஏராளமாக உண்டு. இந்த எழுத்தை இத்தனையாவது இடத்திலிருந்து எடு என்று கோப்பு சொல்லும், மென்பொருள் போய் எடுக்கும். 2009-இல் தாக்கியவர்கள் இல்லாத இடத்தின் எண்ணைக் கோப்பில் எழுதி வைத்தார்கள். எண்ணைச் சரிபார்க்க வேண்டிய மென்பொருள் சரிபார்க்காமல் எல்லையைத் தாண்டிப் போனது. அங்கே தாக்குபவர் ஒளித்து வைத்திருந்த கட்டளைகளைத் தன் வேலை என்று எண்ணி நிறைவேற்றியது. உங்கள் கண்ணுக்குத் தெரிவதோ அழகான படம்! கணினியில் உங்களுக்கு என்ன அதிகாரம் உண்டோ அத்தனையும் அந்தக் கட்டளைக்கும் கிடைத்துவிடும்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2014 அக்டோபரில் வேறொரு ஓட்டை அம்பலமானது. இது விண்டோஸிலேயே இருந்தது, ஆனால் தாக்குதலுக்கு வாகனமாக வந்தது பவர்பாயிண்ட் கோப்புதான். திறந்தவுடன் அந்தக் கோப்பு இணையத்தின் வழி வெளிக் கணினி ஒன்றைத் தொடர்பு கொண்டு நச்சுநிரலை இறக்கிக்கொண்டது. அக்டோபர் 14-இல் திருத்தம் வந்தது. ஒரு வாரத்தில் அதையும் சுற்றிப்போகும் வழியைக் கண்டுபிடித்து மீண்டும் தாக்கினார்கள்! இந்த இரண்டாவது தாக்குதலில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நச்சுநிரல் ஓடுவதற்கு முன், அனுமதி கேட்டு ஒரு பெட்டி திரையில் தோன்றியது. "இல்லை" என்று சொன்னவர் தப்பினார். என்ன கேட்கிறது என்று படிக்காமல் "ஆம்" என்று தட்டியவர் மாட்டினார். 2017-இல் வந்த மற்றொரு கோப்பில் சொடுக்கக்கூடத் தேவையில்லை. படக்காட்சியில் இருந்த இணைப்பின்மேல் சுட்டியைக் கொண்டுபோனாலே கட்டளை ஓடத் தொடங்கும். அதிலும் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று இடையில் வந்து கேட்டது.

ஆக, பல நேரங்களில் கணினி நம்மைக் கேட்கத்தான் செய்கிறது. நாம்தான் பதில் சொல்லப் பொறுமையின்றி "எஸ்" தட்டுகிறோம். ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தால் நமக்குப் படிக்க அலுப்பு. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நம் சங்கங்களுக்கும் சேவை மையங்களுக்கும் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009 மார்ச் மாதக் கடைசியில் கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் 'கோஸ்ட்நெட்' என்ற வேவு வலையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதில் சிக்கியிருந்தன. தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளும் அவற்றுள் அடங்கும். உள்ளே நுழைந்த வழி என்ன தெரியுமா? திபெத்திய இயக்கம் ஒன்று அனுப்பியது போலவே வந்த மின்னஞ்சலும் அதனோடு இணைந்த ஒரு கோப்பும்தான். அது வேர்ட் கோப்பு என்றாலும் தந்திரம் ஒன்றே. ஓர் இனத்தின் உரிமைக்காகப் பாடுபடுகிறவர்கள் எந்தக் கோப்பை ஆவலோடு திறப்பார்கள் என்று தெரிந்து, அதையே தயாரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

நம் மையங்களின் கணினியில் என்ன இருக்கிறது? அடையாள அட்டை இல்லாமல் தவிக்கும் ஏழைத் தாயின் பத்திர நகல், பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையின் விவரம், சம்பளப் பாக்கி பற்றிப் புகார் கொடுத்த தொழிலாளியின் பெயர். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தோடு நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. அதே கணினியில் மாலை நேரத்தில் யாரோ கொண்டுவந்த பென்டிரைவைச் செருகிப் படக்காட்சி பார்ப்பது எந்த வகையில் நியாயம்? அந்தக் கணினியை வேறெந்த வேலைக்கும் விடக்கூடாது என்பது எங்கள் கருத்து. செயலாளரின் பிள்ளை விளையாடக்கூட.

பென்டிரைவைப் பற்றி இன்னும் ஒரு சொல். இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு விண்டோஸ் ஓர் அடையாளக் குறி போடுகிறது. அந்தக் குறியைப் பார்த்துத்தான் ஆபிஸ் 2010 முதலான பதிப்புகள் கோப்பை அடக்கிவைத்துத் திறந்து, மேலே மஞ்சள் பட்டை காட்டுகின்றன. பென்டிரைவுக்குக் கோப்பை நகல் எடுக்கும்போது அந்தக் குறி பெரும்பாலும் தொலைந்துவிடும். பிறகு மஞ்சள் பட்டையும் வராது. "மின்னஞ்சலில் வந்தால்தான் ஆபத்து, கையில் கொடுத்தால் இல்லை" என்ற எண்ணம் தலைகீழானது.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்ட விஷயம், சங்கடமானதுதான். கடையில் கணினி வாங்கும்போதே கள்ள ஆபிஸ் போட்டுக் கொடுக்கிறார்கள், நாமும் மிச்சம் என்று வாங்கி வருகிறோம். அசல் விலை நம் சம்பளத்துக்கு எட்டாது என்பது உண்மை, யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் கள்ளப் பதிப்பில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சிப் பலர் திருத்தங்கள் வராதபடி நிறுத்திவிடுகிறார்கள். 2009-இல் கண்டுபிடித்த ஓட்டை 2009-இலேயே அடைபட்டது, திருத்தத்தைப் போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது இன்றும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ் 10, ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகியவற்றுக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்குத் தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் சிறிது கால நீட்டிப்பு கொடுத்தார்கள்.

காசில்லாமல் நேர்மையான வழி உண்டு. லிப்ரேஆபிஸ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். பவர்பாயிண்ட் கோப்புகளைத் திறக்கும், திருத்தும், பிள்ளையின் பள்ளி வேலைக்குத் தாராளமாகப் போதும். சில கோப்புகளில் எழுத்துரு கொஞ்சம் இடம் மாறித் தெரியலாம், அவ்வளவுதான். அதிலும் ஓட்டைகள் வரும், ஆகையால் அதன் புதிய பதிப்பையும் அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்கும் காசில்லை. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. விண்டோஸில் தானியங்கித் திருத்தம் ஓடுகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் குறைந்த அதிகாரம் உள்ள தனிக் கணக்கு திறந்து கொடுங்கள், நச்சுநிரல் புகுந்தாலும் அந்த அளவோடு நிற்க வாய்ப்புண்டு. மஞ்சள் பட்டையில் "எனேபல் எடிட்டிங்" என்றிருக்கும் பொத்தானைத் தொடாதீர்கள், படிப்பதற்கு அது தேவையே இல்லை. மேக்ரோவை இயக்கு என்று கோப்பே கெஞ்சினால் அழித்துவிடுங்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாப்ட் தானாகவே தடுக்கிறது, அந்தத் தடையை நீக்கச் சொல்லி வழிகாட்டுபவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். தெரிந்தவரிடமிருந்து எதிர்பாராத கோப்பு வந்தால் போன் செய்து, "அண்ணே, நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். அவர் கணினியே கெட்டுப்போய் அவருக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கலாம்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள், ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள், வேறு கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியை அழையுங்கள், அல்லது 2022 முதல் இயங்கும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். கணினி பற்றிய புகாரைச் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் கொடுக்கலாம். அந்தக் கணினியில் செருகியிருந்த பென்டிரைவை வேறெதிலும் செருகாமல் தனியே எடுத்து வையுங்கள்.