நீதிபதிக்கு மாற்றல், வழக்குக்கு?

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய வீடு. பங்கு கேட்டு அண்ணன் தம்பிகள் வழக்குப் போட்டால், அது அலிப்பூர் கோர்ட்டுக்குப் போகும். ஏழெட்டு வருஷம் இழுத்து, சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் நீதிபதிக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. 'மறுபடியும் முதலிலிருந்தா?' என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை.

கவலை வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 18வது கட்டளை, 15வது விதி இதற்கென்றே இருக்கிறது. மரணம், மாற்றல், வேறு காரணம் எதுவானாலும், அடுத்து வரும் நீதிபதி ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைத் தானே பதிவு செய்ததாகக் கருதி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்னவர் தீர்ப்பை எழுதி, படிக்காமல் போயிருந்தால், 20வது கட்டளையின் 2வது விதிப்படி வந்தவர் அதைப் படித்தாக வேண்டும். தீர்ப்பு எழுதப்படவில்லை என்றால் வாதங்களை மட்டும் புதியவர் முன் மறுபடி வைக்க வேண்டும். வாதத்தைக் கேட்காதவர் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

சாட்சி கூண்டில் திருதிருவென்று விழித்தாரே, அது? காகிதத்தில் பதில் மட்டும்தானே இருக்கும்! 18வது கட்டளையின் 12வது விதிப்படி, சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம். அன்றைக்கே அதைக் கேட்டுக்கொள்ளும் வக்கீல் கெட்டிக்காரர். 17வது விதிப்படி சாட்சியை மீண்டும் அழைக்க முடியும். ஆனால் விட்டுப்போன ஓட்டையை அடைப்பதற்கு அல்ல.

கல்கத்தா உயர்நீதிமன்றமே ஒருமுறை இப்படிச் சிக்கியது. செத்துப்போனதாக நம்பப்பட்ட ஜமீன் குமாரர், சந்நியாசியாகத் திரும்பி வந்து சொத்து கேட்ட பவால் வழக்கு அது. 1936ல் டாக்கா நீதிபதி பன்னாலால் பாசு சந்நியாசி பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலை காஸ்டெல்லோ, பிஸ்வாஸ், லாட்ஜ் மூவரும் விசாரித்தார்கள். 1939 ஆகஸ்டில் வாதம் முடிந்தது. விடுப்பில் இங்கிலாந்து போன காஸ்டெல்லோ, யுத்தத்தால் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. இங்கே மிஞ்சிய இருவரும் ஆளுக்கொரு பக்கம்! காஸ்டெல்லோ எழுதியனுப்பியதை 1940 ஆகஸ்டில் கோர்ட்டில் படித்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்று சந்நியாசி ஜெயித்தார். கடல் தாண்டி வந்த காகிதம் தீர்ப்பாகுமா என்ற ஆட்சேபத்தை லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. 1946 ஜூலையில் அங்கேயும் சந்நியாசிக்கே வெற்றி. பாவம், சில நாட்களில் அவர் நிஜமாகவே இறந்துபோனார்.

லேக் கார்டன்ஸ் சகோதரர்கள் சாட்சியப் பதிவுகளின் சான்றிட்ட நகல்களை இப்போதே வாங்கி வைக்கட்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, புதிய நீதிபதியிடம் வக்கீல் மூலம் முதல் வாய்தாவிலேயே கொடுத்துவிடலாம்.