பதில் வர 45 மணி நேரம்



இந்த இதழில் வாயேஜர் விண்கலங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வியாழன், சனி, அவற்றின் நிலாக்கள் என்று கட்டுரையாளர் அழகாகச் சுற்றிக்காட்டியிருக்கிறார். இடம் போதாமல் அவர் விட்டுவிட்ட சங்கதி ஒன்று உண்டு. அது நம் கையில் இருக்கும் போனுக்கு மிக நெருக்கமான சங்கதி என்பதால், இந்த மாதம் என் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அதற்கு முன், கட்டுரையைப் படித்ததும் பலர் கேட்கப்போகும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாயேஜரில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. எனக்கும் அதில் மனத்தாங்கல்தான். கிளம்பிப் போய்விட்ட வண்டியை இனி என்ன செய்வது?

வாயேஜர் 1 கிளம்பியது 1977 செப்டம்பர் 5-ஆம் தேதி. ஐந்தாண்டு வேலைக்கு என்று அனுப்பினார்கள். 2012 ஆகஸ்டில் சூரியக் காற்று வீசும் எல்லையையே தாண்டி, நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளிக்குள் போய்விட்டது. அதன் பிறகும் ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, 2023 நவம்பரில் திடீரென்று உளற ஆரம்பித்தது. சிக்னல் வந்தது, அதில் சேதி இல்லை. ஒன்றும் பூஜ்யமும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன.

அப்போது அது இருந்த தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஒரு கட்டளை அங்கே போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு இருபத்திரண்டரை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்று கேட்டால் புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பதில் தெரியும். தப்பாகக் கேட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்க அங்கே ஆள் கிடையாது.

வாயேஜரை இயக்கும், பாசடீனாவில் உள்ள ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் அவசரப்படவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு வேறு யாரோ எழுதி வைத்த காகிதங்களைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். இத்தனைக்கும் அடுத்து வந்த பிப்ரவரியில்தான் பணம் போதவில்லை என்று அதே ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய 530 பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மார்ச் முதல் தேதி, தகவல்களைக் கட்டி அனுப்பும் கணினிக்கு மெல்லத் தட்டிப்பார்ப்பது போல ஒரு கட்டளை போனது. இரண்டு நாள் கழித்து வந்த பதில் வழக்கமான உளறலாக இல்லை. அதைப் பிரித்துப் படித்த ஒரு பொறியாளருக்கு, அந்தக் கணினி தன் நினைவகம் முழுவதையும் படியெடுத்து அனுப்பியிருப்பது புரிந்தது. கெட்டுப்போவதற்கு முன்பு கிடைத்த படியோடு இதை ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் பழுது. ஒரு சிப் போய்விட்டிருந்தது.

சிப்பை மாற்ற முடியாது. அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், அது முழுசாக உட்காரும் அளவுக்குக் காலி இடம் எங்கேயும் இல்லை. கலத்தில் உள்ள மூன்று வகைக் கணினிகளையும் சேர்த்தாலும் அதன் நினைவகம் 70 கிலோபைட்டைத் தாண்டாது. மழைக்கு ஓர் அறை ஒழுகினால் அந்தச் சாமான்களை மற்ற அறைகளின் மூலைமுடுக்குகளில் பிரித்து வைப்போமே, அந்த வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். நிரலைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த சந்துகளில் செருகினார்கள். எந்தத் துண்டு எங்கே போயிற்று என்று அதைத் தேடி வரும் மற்றப் பகுதிகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் காரியம் கெட்டுவிடும். ஏப்ரல் 18-ஆம் தேதி முதல் துண்டை அனுப்பினார்கள். 20-ஆம் தேதி வாயேஜர் தன் உடல்நிலையைப் புரியும்படியாகச் சொன்னது. ஜூன் மாதத்துக்குள் நான்கு அறிவியல் கருவிகளின் தகவலும் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த மாதமே உலகம் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை ஒன்பதே முக்கால் வாக்கில். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. நிரல் 21 விவரங்களை எதிர்பார்த்தது, அதற்குக் கிடைத்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை போட்டு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், பத்திரிகைகளில் படம்கூட வந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் வாங்கிக்கொண்ட கணினி எழுந்திருந்தால்தானே புதியதை வாங்கும்? பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஆயிரம் கணினிக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இனிமேல் படிப்படியாக அனுப்புகிறோம் என்று அந்த நிறுவனமே பிறகு சொன்னது. அனுப்புவது சுலபமாகிவிட்டால் யோசிப்பது குறைந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 45 மணி நேரம் காத்திருக்க வேண்டியவர் பத்து முறை சரிபார்க்கிறார். ஒரு சொடுக்கில் உலகம் முழுவதும் அனுப்ப முடிகிறவருக்கு அந்தப் பயம் விட்டுப்போகிறது.

எங்கள் அலுவலகத்திலும் இதன் சின்னப் பதிப்பு ஒன்று நடந்தது. இதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாள். மெய்ப்பு பார்க்கும் அம்மா ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "‘கொ’ எல்லாம் எங்கே சார் போச்சு?" என்றார். பார்த்தால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். கொக்கு, கொடி, கொலு எதுவும் தப்பவில்லை. "நான் ஒண்ணும் தொடலை சார், ராத்திரி அதுவா அப்டேட் ஆயிருக்கு" என்றார் பக்கம் வடிவமைக்கும் தம்பி. பிறகு மேசை இழுப்பறையில் இருந்த பென் டிரைவிலிருந்து பழைய பதிப்பைத் தேடி ஏற்றி, எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை திரும்பப் படித்து அனுப்புவதற்குள் அச்சகத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவராவது ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டையை அடைக்க வரும் திருத்தத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தோடு பொத்தானின் இடம், நிறம், படம் எல்லாவற்றையும் மாற்றி ஒரே மூட்டையாக அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பணம் அனுப்பும் பொத்தான் நேற்று வரை கீழே இருந்தது, இன்றைக்கு மேலே போய்விட்டது. இருபது வயதுக்காரருக்கு இது அரை விநாடி. எழுபது வயதுக்காரர் அன்று முதல் அந்த ஆப்பைத் தொடவே பயப்படுகிறார், பக்கத்து வீட்டுப் பையனிடம் போனையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பாதுகாப்புக்காக வந்த திருத்தம் கடைசியில் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

ஆள் தடுமாறுவான் என்பதையும் முன்கூட்டியே யோசித்ததில்தான் வாயேஜரை வடிவமைத்தவர்கள் பெரிய மனுஷர்கள். 2023 ஜூலையில் வாயேஜர் 2-க்குப் போன கட்டளை ஒன்று தவறாகி, அதன் ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகிவிட்டது. தொடர்பு அறுந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஆன்டெனாவிலிருந்து உரக்க ஒரு சிக்னல் அனுப்பி, ஆகஸ்ட் 4-ஆம் தேதி மீட்டுவிட்டார்கள். அது பலிக்காமல் போயிருந்தாலும் கலம் தொலைந்திருக்காது. ஆண்டுக்குச் சில முறை தானாகவே பூமியைத் தேடித் திரும்பிக்கொள்ளும்படி அதற்கு ஏற்பாடு உண்டு, அப்போது அடுத்த முறை அக்டோபர் 15-ஆக இருந்தது. கீழே இருப்பவன் என்றாவது ஒருநாள் தப்புச் செய்வான் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். சந்திரயான் 2-இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதிய பிறகு நம் இஸ்ரோ சந்திரயான் 3-ஐ வடிவமைத்ததும் அப்படித்தான். எதெல்லாம் சரியாக நடக்கும் என்பதை விட்டுவிட்டு, எதெல்லாம் கெடலாம் என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது.

வாயேஜர்களின் மின்சாரம் ஆண்டுக்கு 4 வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2026 நவம்பரில் வாயேஜர் 1-க்கும் நமக்கும் உள்ள தூரம், ஒளி ஒரு முழு நாள் ஓடும் தூரமாகிவிடும் என்பது கணக்கு.

இனி உங்கள் முறை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஆப்பில், எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். பேரை எழுத வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் போதும். கூடவே, மென்பொருள் வேலையில் இருக்கும் வாசகர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு, அவர்களும் தங்கள் பக்கத்து நியாயத்தை எழுத வேண்டும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் போடலாம் என்றிருக்கிறேன். கடிதங்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் அடுத்த இதழில் சேர்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்