பெயரை மூடினர், கண் திறந்தது!

வானம் எல்லோர்க்கும் பொது என்பர். பொதுதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்த வானத்தைக் காணும் கண் எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததா? அது யாருக்காகத் திறக்கவேண்டும், எத்திசை நோக்கித் திரும்பவேண்டும், எத்தனை மணிநேரம் இமைக்காதிருக்கவேண்டும் என்று முடிவுகட்டும் உரிமை எவர் கையில் இருந்தது? இதைக் கேளாமல், விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் வண்ணப் படங்களைக் கண்டு வாய்பிளந்து நிற்பது, களத்து நெல்லைப் புகழ்ந்துவிட்டு, காணி யாருடையது என்று கேட்க மறப்பதற்கு ஒப்பாகும்.

1990 ஏப்ரல் 24-ல் ஹப்பிள் தொலைநோக்கி விண்ணேறிற்று. 2.4 மீட்டர் அகலமுள்ள ஆடி அதற்கு. விண்மீனின் ஒளியை நடுங்கச் செய்யும் காற்றுமண்டலத்துக்கு மேலே நின்று, நிலத்திலிருந்து காணவொண்ணாத நுணுக்கங்களை அது கண்டது. 2021 டிசம்பர் 25-ல் ஜேம்ஸ் வெப் புறப்பட்டது. 18 துண்டுகளை இணைத்த 6.5 மீட்டர் ஆடியுடன், புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, அகச்சிவப்பு ஒளியிலே அது உலகத்தைப் பார்க்கிறது. தூசு மேகத்துக்குள் பிறக்கும் விண்மீனும், வேறொரு ஞாயிற்றைச் சுற்றும் கோளின் காற்றும், 1,300 கோடி ஆண்டுகட்கு முன்பே புறப்பட்ட ஒளியைக் கொண்டுவரும் விண்மீன் திரளும் இன்று மனிதனின் ஆய்வுக்கு எட்டியிருக்கின்றன. பெருமைதான்! அறிவின் வெற்றிதான்!

ஆயினும், ஆண்டுக்கு இத்தனை மணிநேரம் என்ற எல்லை அக்கருவிக்கும் உண்டு. வெப் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்காக 2024-ல் வந்து குவிந்த விண்ணப்பங்கள் 2,377. அவை கேட்ட நேரம் ஏறத்தாழ 78,000 மணி. இருந்ததைப்போல் ஒன்பது மடங்கு! கேட்பவர் பலர், பெறுபவர் சிலர். ஆகவே, தேர்ந்தெடுக்க ஒரு குழு வேண்டும். பால்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையம் அக்குழுக்களைக் கூட்டுகிறது. எவ்வாறு தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஹப்பிள் காலத்தில் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? தகுதி! தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல்!

அந்த அளவுகோலை ஒருநாள் அளந்து பார்த்தனர். ஹப்பிளின் பதினொரு சுற்றுகளின் கணக்கை ஆராய்ந்த கட்டுரை 2014-ல் வெளிவந்தது. பெண்கள் தலைமையேற்று அனுப்பிய விண்ணப்பங்களின் வெற்றி விகிதம், ஆண்களுடையதைவிடத் தொடர்ந்து தாழ்ந்தே இருந்தது. ஒரு சுற்றில் குறைந்திருந்தால் தற்செயல் எனலாம். சுற்றுக்குச் சுற்று ஒரு தட்டே தாழ்ந்தால், குறை பொருளிலா, தராசிலா?

குழுவில் இருந்தோர் கொடியவரல்லர். படித்தவர்கள், நேர்மையாளர்கள். அக்குழுக்களில் பெண்களும் இருந்தனர். அதனாலேதான் இதை வற்புறுத்திச் சொல்கிறோம். அநீதி செய்யக் கொடியவன் தேவையில்லை, பழக்கம் போதும்! தாளைப் புரட்டுமுன் பெயரைப் பார்க்கிறது கண். 'இவர் நம்மவர், தெரிந்தவர்' என்கிறது நெஞ்சு. 'இவர் யாரோ' என்று தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குச் சூட்டிய அழகிய பெயரே தகுதி.

வானநூலுக்கு இது புதிய நோயுமன்று. ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தார் ஹென்றியேட்டா லீவிட். சிறிய மெகல்லன் முகிலிலுள்ள 25 மாறொளி விண்மீன்களை ஒப்பிட்டு, ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் விண்மீனின் பேரொளிக்கும் உள்ள உறவை அவர் நிலைநாட்டினார். 1912-ல் அது வெளிவந்தபோது அறிக்கையின் அடியில் இருந்தது இயக்குநர் பிக்கரிங்கின் பெயர்! அந்த விதியைக் கொண்டுதான், 1923-ல் ஆண்ட்ரோமீடாவில் கண்ட ஒரு மாறொளி விண்மீனை வைத்து, அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனித் திரள் என்று எட்வின் ஹப்பிள் காட்டினார். லீவிட் அதைக் காணவில்லை, 1921-லேயே மறைந்துவிட்டார். இன்று தொலைநோக்கியின் பெயர் ஹப்பிள். அத்தொலைநோக்கி திரள்களின் தொலைவை அளக்கக் கையாளும் கோல் லீவிட்டினுடையது!

செசிலியா பெய்னைப் பாருங்கள். ஞாயிறும் விண்மீன்களும் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என 1925-லேயே கண்டவர் அவர். பேரறிஞர் ரஸ்ஸல் ஒப்பவில்லை. எனவே, தன் முடிவு உண்மையாக இருக்கமுடியாது என்று தன் ஆய்வேட்டிலே தானே எழுதவேண்டியதாயிற்று அந்த இளம்பெண்ணுக்கு. நான்கே ஆண்டுகளில், 1929-ல், வேறு வழியிலே சென்று அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார் ரஸ்ஸல். பலோமர் மலையிலோ, 1965-ல் வேரா ரூபினுக்கு வழிவிடும்வரை, பெண்ணுக்கு முறைப்படி இடமே இல்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை என்பது! அண்டத்தை அளக்கும் ஆடியை அமைக்கத் தெரிந்தவர்களுக்கு, கதவொன்று அமைக்கத் தெரியவில்லையாம். நம்புவோமா?

இந்த நோய்க்கு மருந்து தேடினர். முதலில் அரைகுறை மருந்து: முகப்பிலிருந்து தலைவரின் பெயரை எடுத்தனர், முழுப்பெயருக்கு மாறாக முதலெழுத்தை மட்டும் இட்டனர். நோய் தீரவில்லை. 2018-ல் துணிந்தனர். விண்ணப்பத்தில் எவர் பெயரும் இருத்தலாகாது; 'முன்பு நாங்கள் கண்டபடி' என்று எழுதுவதும் ஆகாது. குழுவினர் 'இது இன்னாருடையதாக இருக்கும்' என்று ஊகிக்கத் தொடங்கினால், பேச்சை ஆய்வின்பால் திருப்ப ஒருவர் அங்கேயே அமர்ந்திருப்பார்.

எழுந்தது கூக்குரல்! ஆளைத் தெரியாமல் ஆற்றலை அறிவதெப்படி? கற்றுக்குட்டியின் கையில் கருவி போய்விடாதா? தரம் என்னாவது? இதற்கும் விடை அமைத்திருந்தனர். தரவரிசை முடிந்த பின்னரே பெயர்களையும் பட்டறிவையும் காட்டும் ஏட்டைத் திறப்பர். பணியை முடிக்கும் திறன் உண்டா என்று அப்போது பார்ப்பர்.

விளைந்தது என்ன? வந்த விண்ணப்பங்கள் 489. ஆண்கள் தலைமையில் வந்த 351-ல் தேறியவை 28, நூற்றுக்கு 8. பெண்கள் தலைமையில் வந்த 138-ல் தேறியவை 12, நூற்றுக்கு 8.7. கணக்கு இருந்த பதினெட்டு ஆண்டுகளில் பெண்களின் விகிதம் முந்தியது அதுவே முதன்முறை!

ஓராண்டுக் கணக்கு உலகத்தை நிறுவுமா என்பர். நிறுவாது. இது பெண் வென்றாள், ஆண் தோற்றான் என்ற பந்தயக் கதையுமன்று. ஒரு சுற்றில் இவர் முந்தலாம், மறுசுற்றில் அவர் முந்தலாம். சமனான தராசு இருபுறமும் ஆடும். ஆண்டாண்டாக ஒரு பக்கமே சாய்ந்து நின்றதே, அதைத்தான் கேட்கிறோம். முன்பு ஹப்பிளின் நேரம் பெற்றிராத புதியவர்களும் பின்வந்த சுற்றுகளில் மிகுதியாகத் தேறினர். வெப் தொலைநோக்கிக்கு முதற் சுற்றிலிருந்தே இதே முறை. எவர் தரம் கெட்டது? எந்தத் தொலைநோக்கி குருடாயிற்று?

இனி, மற்றொரு சாரார் வருவர். "அப்படியானால் பெயரை மூடிவிட்டால் போதுமே! வேறு சலுகை ஏன், பாதுகாப்பு ஏன்?" என்பர். பொறுங்கள்! அதே கணக்கை மீண்டும் பாருங்கள். 489-ல் பெண்கள் அனுப்பியவை 138 மட்டுமே. நூற்றுக்கு 28! மீதிப் பேர் எங்கே? பள்ளியில் நின்றுவிட்டவர் எத்தனை, ஆய்வகத்தின் வாயிலில் திருப்பப்பட்டவர் எத்தனை, வீட்டுச் சுமை அழுத்த வழியிலே விழுந்தவர் எத்தனை? திரை, நடுவரின் கண்ணைத் திருத்தும்; நடுவரிடம் வந்து சேரும் பாதையைத் திருத்தாது. பந்தயத்தின் முடிவுக்கோட்டில் நீதி வேண்டும். தொடக்கக்கோட்டிலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நேர்மையன்று. பெயரைக் கேட்டதும் பிறப்பை மோப்பம் பிடிக்கும் பழக்கமுள்ள நாட்டிலே வாழும் நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

1995 டிசம்பரில், எழுமீன் தொகுதிக்கு அருகே, வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு இருட்புள்ளியைப் பத்து நாள் உற்றுநோக்கச் செய்தனர் ஹப்பிளை. அது வீண்வேலை என்று ஐயுற்ற அறிஞர்கள் உண்டு. தம் பொறுப்பிலுள்ள நேரத்தை அளித்து அதை நடத்தினார் நிலையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ். அந்தப் புள்ளிக்குள் இருந்தவை ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள்!

ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய இடம் அது. அங்கே ஒளி இல்லாமலில்லை. பார்க்க நேரம் ஒதுக்கியவர்தான் இல்லை. விண்ணுக்கு இது பொருந்துமென்றால், மண்ணிலே ஒதுக்கிவைத்த மாந்தர்க்கு மட்டும் ஏன் பொருந்தாது? தகுதி பேசுவோர் விடை கூறட்டும்!