கைகூப்பும் செடி



பிரேசில் காட்டு நிழலில் பிறந்தது மராந்தா செடி. பச்சை இலைகளில் சிவப்பு நரம்புகள் ஓடும். இரவில் இலைகள் நிமிர்ந்து, கூப்பிய கைகளைப் போல் நிற்கும். ஆங்கிலத்தில் இதனைப் பிரார்த்தனைச் செடி என்பர்.

முதலில் இதனை ஆசிரியர் அறையில், என் மேசையில் வைத்தேன். இலை நுனிகள் பழுப்பேறிச் சுருண்டன. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினேன்; வேர் அழுகத் தொடங்கியது. குளிர்சாதனக் காற்றின் வறட்சியே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. நம் நாட்டுப் புழுக்கத்தை நாம் வெறுக்கிறோம். இச்செடிக்கோ அதுவே உயிர்! வகுப்பறையில், நேர்வெயில் படாத சன்னலோரம் மாற்றினேன். மேல்மண் காய்ந்தபின் மாணவர்கள் அளவாக நீர் ஊற்றினர். தளிர் விட்டது. (நீர்த்தட்டில் வைக்கச் சொல்வோர் உளர். நமக்கு அது வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிடும்.)

ஆனால், இலை கூப்பும் நேரத்தில் பள்ளி பூட்டியிருக்குமே! எனவே வெள்ளிதோறும் ஒரு மாணவர் இதனை வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும் என்றேன்.

“டீச்சர், இது சோதனையில் வருமா?” என்றார் ஒரு தாயார்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. இக்கேள்வி மட்டும் அகலவில்லை. தாவரங்களின் தூண்டல், துலங்கல் அறிவியல் பாடத்தில் உள்ளதுதான். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வியந்து பார்ப்பதற்கும் மதிப்பெண்தான் காரணமாக வேண்டுமா?

“இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மகனோடு அமர்ந்து பாருங்கள்” என்றேன்.

திங்களன்று செடியைத் தூக்கி வந்தவர் அத்தாயார்தாம். அடுத்த முறை எப்பொழுது என்று கேட்டார்.