பாடாத இசைத்தட்டு



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மூத்த மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். இப்போது உயர்தரம் படிக்கிறான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்:

“மௌலவி, மகன்ட கட்டிலுக்குக் கீழ கிட்டார் ஒன்டு இருக்கு. அவன்ட வாப்பா கட்டார்ல. தெரிஞ்சா கவலப்படுவார். நீங்க ஒருக்கா வந்து அத ஒடச்சுப் போடுங்க. நான் ஒடச்சா அவன் என்னோட பேசமாட்டான். நீங்க ஒடச்சா ஒன்டும் சொல்லமாட்டான்.”

“வருகிறேன், உடைப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் சரியில்லை. ஏனென்றால், நான் ஏற்கனவே ஒன்றை உடைத்தவன். அந்தக் கதையை இதுவரை எந்தப் பயானிலும் சொன்னதில்லை. இந்த மாதம் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். வீடு கிண்ணியாவில். அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. விடியற்காலையில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ‘பாதை’யில் கடந்து டவுனுக்குப் போவார். 1970களின் தொடக்கத்தில் அவர் இருபது வயது இளைஞர். அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு இசைக் கோஷ்டி வைத்திருந்தார்கள். ஒருவர் உவர்மலையிலிருந்த தமிழர், ஒருவர் சிங்களவர், ஒருவர் பறங்கியர். மாமாவுக்கு பொங்கோ. கல்யாண வீடு, கார்னிவல், பாடசாலை விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார்களாம். வெளிநாட்டுச் சாமான்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கிட்டார் கம்பி அறுந்தால் வாங்கக் கிடைக்காது. சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டினோம் என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புதினமாக இருக்கும். ஆனால் நம் ஊர் இந்த இசைக்குப் புறம்பான ஊரல்ல. பைலா என்னும் துள்ளலிசை போர்த்துக்கேயர் காலத்துத் தொடர்புகளிலிருந்து வந்தது. கிழக்குக் கரைப் பறங்கியர்கள் அந்த ஆட்டத்தையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 1957 வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது. துறைமுகம் உள்ள ஊருக்குச் சரக்கோடு பாட்டும் வந்து இறங்கும். உலகமெல்லாம் பேர் பெற்ற பீட்டில்ஸ் குழுவின் நான்கு இளைஞர்களும் லிவர்பூல் என்னும் துறைமுக நகரத்துப் பிள்ளைகள்தானே. 1962 இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. 1970 இல் குழு கலைந்துவிட்டது. அந்த எட்டு வருடத்திற்குள் அவர்களைப் பார்த்துக் கிட்டார் தூக்காத ஊர் உலகில் குறைவு.

இலங்கையிலும் அப்படித்தான். சிங்களத்தில் கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ், பிறகு ஜிப்சீஸ். தமிழில் ‘பொப் இசை’ என்று ஒரு வகையே பிறந்தது. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினத்தையும், ‘சுராங்கனி’யை இந்தியா வரை கொண்டுபோன ஏ.ஈ. மனோகரனையும் உங்கள் உம்மாமாருக்கு நன்றாகத் தெரியும். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். நித்தி கனகரத்தினம் கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லியும் ஒரு பாட்டுப் பாடினார். நாம் மிம்பரில் சொல்வதை அவர் கிட்டாரோடு சொன்னார்.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் நம் திருகோணமலைச் சகோதரர்களான எம்.பி. பரமேஷும் எம்.பி. கோணேஷும். ‘பரமேஷ் - கோணேஷ்’ குழு என்றால் அன்று ஊருக்கே பெருமை. 1960களின் பிற்பகுதியில் பரமேஷ் பாடி வெளிவந்த ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டு, இலங்கைத் தமிழரின் சொந்தப் பாட்டு இசைத்தட்டில் வந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. தென்னிந்தியச் சினிமாப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்த வானொலியில், தன் ஊர்க்காரர் தன் சொந்தப் பாட்டைப் பாடுகிறார் என்றால் இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! மாமாவின் கோஷ்டி நால்வரும் காசு சேர்த்து அந்தத் தட்டில் ஒன்றை வாங்கினார்கள். அதன் உறையில் நான்கு பேரும் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு தமிழில், ஒன்று சிங்களத்தில், ஒன்று ஆங்கிலத்தில். ஒவ்வொருவர் வீட்டிலும் மும்மூன்று மாதம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1983 கலவரம் வந்தபோது அது மாமாவின் முறை. அதற்குப் பிறகு முறை மாறவே இல்லை. தமிழ் நண்பர் கனடாவுக்கும் பறங்கி நண்பர் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். சிங்கள நண்பர் எங்கே போனார் என்று தெரியவில்லை. மாமாவும் பொங்கோவை யாருக்கோ கொடுத்துவிட்டு, தொழுகையும் வேலையுமாக அடங்கிவிட்டார். தட்டு மட்டும் தகரப் பெட்டிக்குள், கல்யாணச் சாரத்துக்குக் கீழே இருந்தது. அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி எப்போதோ பழுதாகி இரும்புக்குப் போய்விட்டது.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது 1978 இல். பத்துப் பன்னிரண்டு வயதில் எனக்கும் பாட்டுப் பைத்தியம் இருந்தது. டவுனில் இருந்த ரெக்கோடிங் பாரில் காக்கா போனி எம், பீட்டில்ஸ் பாட்டுகளை ஒரு கசட்டில் பதிந்து வந்தார். சொல் ஒன்றும் விளங்காது. ஆனாலும் ஊரடங்கு இரவுகளில், வெளியே வேட்டுச் சத்தம் கேட்கும்போது, சத்தத்தை மிகக் குறைத்து, ரேடியோவைத் தலையணைக்குள் வைத்துக் கேட்போம். நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றுவோம். பயத்தை மறக்க அந்தக் கசட் உதவியது என்பதை மறைக்க முடியாது.

1992 இல் வாப்பா என்னை அரபுக் கல்லூரியில் சேர்த்தார். மார்க்கக் கல்வியின் இனிமை மெல்ல மெல்லப் பிடித்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு துன்பம். கிதாபைத் திறந்து வைத்து மனனம் செய்யும்போது அந்தக் கசட்டின் மெட்டு தானாக உள்ளே ஓடும். விரட்டினால் இன்னும் வலுக்கும். என்னை நானே வெறுத்தேன்.

1995 பெப்ரவரியில் நோன்பு விடுமுறைக்கு வந்தேன். எனக்கு வயது 17. தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஊரைத் திருத்திவிட வேண்டும் என்ற வேகம் மட்டும் நிறைய இருந்தது. மாமா வீட்டில் நோன்பு திறக்கப் போயிருந்தோம். மாமி எதையோ எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தார். தட்டைக் கண்டேன். “நோன்பு காலத்தில் இது வீட்டில் இருக்கலாமா?” என்று கேட்டேன். மாமா பதில் சொல்வதற்குள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க, முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தேன். உறையையும் கிழித்து அடுப்பில் போட்டேன். பெரிய நன்மை செய்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்தது.

மாமா கோபப்படவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முடிஞ்சா மருமகன்? நோன்பு திறக்க நேரமாகுது. கையக் கழுவிட்டு வாங்க” என்றார். பேரீச்சம்பழத் தட்டை முதலில் என் பக்கம்தான் தள்ளி வைத்தார்.

சகோதரிகளே, அந்தத் தட்டு பாடவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக அது ஊமை. பாடிக்கொண்டிருந்தது என் உள்ளம். அதை நிறுத்த முடியாத ஆத்திரத்தை மாமாவின் பெட்டியில் தீர்த்துக்கொண்டேன். இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. பர்ளைத் தவறவிடாத, பாட்டை எப்போதோ விட்டுவிட்ட ஒரு மனிதரை, அவர் மனைவி பிள்ளைகள் முன்னால் பாவியாக்கினேன். அவர் காத்து வைத்திருந்தது பாட்டை அல்ல. பிரிந்து போன மூன்று நண்பர்களின் கையெழுத்தை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அடுத்த வருடம் மாமா சுகமில்லாமல் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். போகுமுன் ஒரு மாணவனிடம் சொல்லி அந்தப் பழைய பாட்டைத் தேடி எடுத்து, போனில் போட்டுக் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா, அன்று செய்தது பிழை, என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன். போனைக் காட்டினேன். அவர் கையை அசைத்தார்.

“வேணாம் மருமகன். பாட்டு எனக்கு மனப்பாடம். அன்டைக்கே ஒங்கள மன்னிச்சிட்டேன். அந்தக் கையெழுத்துத்தான் ஒருக்காப் பாக்கணும் போல இருக்கு.”

அதை எங்கிருந்து கொண்டு வருவேன்? அவரது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த வருடம் அவர் மவுத்தானார். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்குவானாக.

இதை எழுதுவதால் இசைக்கருவியெல்லாம் கூடும் என்று மௌலவி சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் படித்த ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து நரம்புக் கருவிகளைத் தடுப்பதுதான். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமிகள் பாடியபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியதும், நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமிகளை விட்டுவிடச் சொன்னதும் புகாரியில் வருகிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். நான் இங்கே சொல்ல வருவது சட்டமல்ல, திருத்தும் முறை. பிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படிதான் மூஸா, ஹாரூன் (அலை) இருவரும் அனுப்பப்பட்டார்கள். என் மாமா பிர்அவ்ன் அல்லவே!

இங்கிலாந்தில் கேட் ஸ்டீவன்ஸ் என்று ஒரு புகழ் பெற்ற பாடகர் இருந்தார். சகோதரர் கொடுத்த குர்ஆனைப் படித்து 1977 இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுப் இஸ்லாம் ஆனார். தன் கிட்டார்களைத் தானே கொடுத்துவிட்டார். 1983 இல் இலண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய மகனே வீட்டுக்கு ஒரு கிட்டாரைக் கொண்டு வந்தார். அதை அவர் மீண்டும் கையில் எடுத்தார். 2006 இல் புதிய இசைத் தொகுப்பை வெளியிட்டார். இதைச் சரி என்பாரும் உண்டு, தவறு என்பாரும் உண்டு. நான் கவனிப்பது ஒன்றைத்தான். அவர் விட்டதும் தானாக, எடுத்ததும் தானாக. வேறொருவர் வந்து உடைத்திருந்தால் அவர் மனம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். பையன் என்னைக் கண்டதும் வெளிறிப் போனான். “ஒடைக்கவா வந்தீங்க மௌலவி?” என்றான். “இல்லை, பார்க்க வந்தேன்” என்றேன். கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்து வந்தான். விடுமுறையில் ஒரு கடையில் நின்று உழைத்த காசில் வாங்கியதாம். யாருடைய பாட்டுக் கேட்கிறாய் என்று கேட்டேன். சொன்ன பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது. ‘உனக்குத் தெரியுமா’ அவனுக்குத் தெரியாது. மாமாவின் கதையை அவனுக்கும் சொன்னேன். மார்க்கத்தின் நிலையையும் ஒளிக்காமல் சொன்னேன். இரண்டே இரண்டு கேட்டேன். பர்ளை நேரத்துக்குத் தொழ வேண்டும். உம்மாவுக்கு ஒளித்து எதையும் வைக்கக் கூடாது. சரி என்றான்.

கிட்டார் இப்போது கட்டிலுக்குக் கீழே இல்லை. முன் அறைச் சுவரில் தொங்குகிறது. தாய்க்கு அதில் முழுத் திருப்தி இல்லை. பையன் சில நாட்களில் சுப்ஹுக்குப் பள்ளிக்கு வருகிறான், சில நாட்களில் வருவதில்லை. வந்தால் என்னிடம் ஸலாம் சொல்லாமல் போவதில்லை. மகனும் தாயும் பேசிக்கொள்கிறார்கள். கட்டாரிலிருந்து வாப்பா கோல் எடுத்தபோது அவனே விஷயத்தைச் சொன்னானாம். அவர் ஏசியிருக்கிறார், பிறகு சிரித்திருக்கிறார்.

கணவர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் சகோதரிகளின் பாரம் எனக்குத் தெரியும். பிள்ளை கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் உடைக்கச் சொல்கிறீர்கள். முதலில் அவன் கேட்பதைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அந்தச் சொல்லில் அசிங்கம் இருக்கிறதா, அந்தக் கூட்டத்தில் போதை இருக்கிறதா, அந்த நேரத்தில் தொழுகை போகிறதா என்று பாருங்கள். இருந்தால் நேராகச் சொல்லுங்கள். கேட்பான். நாம் அவனுடைய பொருளைத் தொடும் முன் அவனோடு பேசியிருக்க வேண்டும்.

இன்னுமொன்று. உங்கள் வீட்டு மூத்தவர்களின் பழைய பெட்டியில் எதைக் கண்டாலும், எறிய முன்பு அது என்னவென்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.