வறண்ட நிலமும் ஆடும் பாதமும்

ஆடற்கலை கண்ணுக்கு விருந்தாக அமைந்தால் மட்டும் போதுமா? ஆடுபவரின் துயரையும் அவர் வாழும் சமூகத்தின் காயங்களையும் அது சுமக்க வேண்டுமா? இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. வாழ்க்கைச் சிக்கல்களை நடன மேடைக்குக் கொண்டுவருவது கலையின் தூய்மையைக் கெடுக்கும் என்பார் ஒருசாரார். ஆடலின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. துயரைத் தொடாத ஆடல்தான் காலப்போக்கில் வெற்று ஒப்பனையாகச் சுருங்கிவிடுகிறது.

துன்பத்தில் பிறந்த குரவை

சிலப்பதிகாரத்தில் இருவகை ஆடல்களைக் காணலாம். அரங்கேற்று காதையில் மாதவி அரசவையில் ஆடுகிறாள். இலக்கணம் பிழையாத அவ்வாடலுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாகக் கிடைக்கின்றன. ஆய்ச்சியர் குரவையில் வருவது வேறுவகை ஆடல். குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்களில் நீர் வடிகிறது. வரப்போகும் துன்பத்தை உணர்ந்த மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடச் செய்கிறாள். பரிசு தருவாரும் பட்டம் சூட்டுவாரும் அங்கில்லை. அச்சத்தை எதிர்கொள்ளும் வழியாகவே ஆயர் மகளிர் கைகோத்து ஆடுகின்றனர். அரங்கின் அழகும் வாழ்வின் அச்சமும் ஆகிய இரண்டுமே ஆடலுக்கு உரியவை என்பதை இளங்கோவடிகள் உணர்ந்திருந்தார்.

சந்திரலேகா எழுப்பிய கேள்வி

இக்காலத்தில் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற அவரது அரங்கேற்றம் 1952ஆம் ஆண்டு நடைபெற்றது. இராயலசீமைப் பகுதியின் வறட்சித் துயர் துடைக்க நிதி திரட்டும் நிகழ்ச்சியாக அது அமைந்தது. யமுனையாற்றில் மகளிர் நீராடி மகிழும் காட்சியை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, வெடித்துப் பிளந்த நிலமும் தண்ணீருக்கு ஏங்கும் மக்களும் அவர் மனக்கண்ணில் தோன்றினர். கைகள் நீரின் பெருக்கைக் காட்ட, நெஞ்சம் நீரின்மையை நினைத்தது. கலையும் வாழ்வும் எதிரெதிரே நின்ற அக்கணத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பின்னர் அவர் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகி, எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் ஆகியவற்றில் ஈடுபட்டார். 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்பில் பரதத்துடன் யோகத்தையும் களரிப்பயிற்றையும் இணைத்தார். கனத்த அணிகலன்களும் மிகையான முகபாவங்களும் விலக்கப்பட்டன. அரைமண்டியும் அடவும் விலக்கப்படவில்லை. மரபை உதறாமல் அதனுள் உறைந்திருந்த ஆற்றலைத் தேடியதே அவரது புதுமை. 1991இல் உருவான 'ஸ்ரீ' என்னும் படைப்பில் முதுகெலும்பு முறிந்தாற்போல் வளைந்த பெண்கள் மேடையைக் கடந்து செல்கின்றனர். வன்கொடுமை என்றோ அடக்குமுறை என்றோ ஒரு சொல்லும் அங்கு ஒலிப்பதில்லை. வளைந்த முதுகே அனைத்தையும் உரைத்துவிடுகிறது. முதுகு நிமிரும்போது, நிமிர்தல் எவ்வளவு கடினமான செயல் என்பது பார்ப்பவரின் உடலுக்கும் உறைக்கிறது.

தனிமனிதத் துயரின் மொழி

ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் பீனா பௌஷ் 1978இல் படைத்த 'கஃபே முல்லர்' தனிமனிதரின் உள்ளப் போராட்டத்தைப் பேசுகிறது. மேசைகளும் நாற்காலிகளும் நிறைந்த இடத்தில் ஒரு பெண் கண்களை மூடியபடி நடக்கிறாள். அவள் மோதிக்கொள்ளாதிருக்க ஒருவர் நாற்காலிகளை விலக்கியபடி ஓடுகிறார். தழுவி நிற்கும் இணையை மற்றொருவர் பிரித்து, ஆணின் கைகளில் பெண்ணை ஏந்தச் செய்கிறார். கைகள் தளர்கின்றன, அவள் விழுகிறாள், எழுந்து மீண்டும் தழுவிக்கொள்கிறாள். இதே செயல் விரைந்து விரைந்து நிகழும்போது, அன்புக்கான ஏக்கமும் அதன் இயலாமையும் ஒருங்கே புலப்படுகின்றன.

மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜின் போராட்டம் இன்னொரு வகையைச் சார்ந்தது. பாலின அடையாளத்தின் பொருட்டுப் புறக்கணிக்கப்பட்ட அவர், தஞ்சை மரபில் வந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றுத் தேர்ந்தார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் புதிய ஆடல் வடிவம் எதையும் தேடவில்லை. 'நீ பெண்ணல்லள்' என்று மறுத்த உலகின் முன், நாயகி பாவத்தில் அவர் நின்றதே பெரும் விடையாயிற்று. ஆடலின் பொருளில் மட்டுமன்றி, ஆடுபவர் யார் என்பதிலும் போராட்டம் அடங்கியுள்ளது.

எதிர்வாதமும் விடையும்

இத்தகைய ஆடல்கள் மேடைப் பிரசாரமாகிவிடும் என்னும் அச்சத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. துயரத்தைக் காட்டிக் கைதட்டல் பெறும் படைப்புகளும் உள்ளன. அவற்றை இனங்காண ஓர் அளவுகோல் போதும்: ஒரு துண்டறிக்கையால் சொல்லிவிடக்கூடியதை மட்டுமே ஓர் ஆடல் சொல்லுமாயின், அங்கு ஆடலுக்குத் தேவையில்லை. சொல்லால் சொல்ல இயலாததை உடல் சொல்லும்போதுதான் அது கலையாகிறது. வளைந்த முதுகும் நழுவி விழும் உடலும் அவ்வகையைச் சார்ந்தவை.

ஆடலால் எத்துயர் தீர்ந்தது என்றும் சிலர் வினவலாம். ஆய்ச்சியர் ஆடிய குரவை கோவலனின் கொலையைத் தடுக்கவில்லை. எந்த நடனமும் வறண்ட நிலத்தில் மழையைப் பெய்விக்கவில்லை. எனினும், அச்சம் சூழ்ந்த பொழுதில் கண்ணகியைத் தனித்து விடாமல் ஆயர் மகளிர் அவளைச் சூழ்ந்து நின்றனர். பிறர் வலியைத் தன் உடலில் ஏற்றுக் காட்டும் கலைஞர் செய்வதும் அதுவே. துயருற்றவர் தனித்தவரல்லர் என்பதை அந்த ஆடல் உணர்த்துகிறது. காண்பவரோ, 'எனக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று கூறி எழுந்து செல்லும் உரிமையை இழக்கிறார். அழகைக் குறைக்காமல் மனச்சான்றையும் விழிக்கச் செய்யும் அத்தகைய ஆடலே மரபுக்கு உண்மையான வாழ்வைத் தருகிறது.