பாடத்துக்குள் வருவது யாருடைய விருப்பம்?

மொழிப்பாடம் சலிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், "அவர்களுக்குப் பிடித்ததை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சாதி உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் யாருடைய விருப்பத்துக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்பதால் மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க நேர்ந்தது. ஒரு மாணவரின் மொழி ஆர்வத்தைச் சாதி நசுக்கியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு நேரெதிரான முயற்சி 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் நடந்தது. பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தது. பாடநூலிலிருந்து அல்ல, அந்த உழைக்கும் மக்களின் அன்றாடச் சொற்களிலிருந்து பாடம் தொடங்கியது. 'செங்கல்' போன்ற ஒரு சொல்லை அசைகளாகப் பிரித்து, அவற்றைக் கொண்டு புதுச் சொற்களை உருவாக்குவது ஃப்ரெய்ரேயின் முறை. எழுத்தறியாதவர்களுக்கு அன்று அங்கே வாக்குரிமை கிடையாது. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரே சிறையில் அடைக்கப்பட்டார். வகுப்பைச் சுவாரசியமாக்கியதோடு அவர் நின்றிருந்தால் இராணுவம் ஏன் அஞ்சப் போகிறது?

ஆய்வு வேலைக்கு நடுவே, வாரத்தில் இரண்டு மாலைகள் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பாடநூலில் இரண்டு வரி வாசிக்கத் திணறும் ஏழாம் வகுப்பு மாணவி, கால்பந்துச் செய்தி என்றால் அகராதியைக் கேட்டு வாங்கிப் படித்து முடிக்கிறாள். கானா பிடித்த பையன் எதுகை தேடியே புதிய சொற்களைச் சேர்க்கிறான். வகுப்பில் இதெல்லாம் 'ரவுடிப் பாட்டு' என்று ஒதுக்கப்பட்டதை அவன் மறக்கவில்லை.

இரவுப் பாடசாலைகளில் பாடம் எடுக்கும் தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். சாதியைப் பார்த்து விருப்பத்தை ஊகிக்காதீர்கள். சேரிப் பிள்ளை என்றால் பறைதான் பிடிக்கும் என்று நினைப்பதும் சாதிப் பார்வைதான். அந்தப் பிள்ளை கொரியத் தொடர்களின் ரசிகையாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "அப்பா என்ன வேலை செய்கிறார், எந்தத் தெரு?" என்று எல்லோர் முன்னும் பேசவைக்கும் பயிற்சிகளைக் கைவிடுங்கள். ஆர்வத்தைக் கேட்பதாக நினைத்து, சாதியைச் சொல்லவைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, பிடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கானாவில் தொடங்கும் பையன் சங்கப் பாடலுக்கும், நீதிமன்றத் தீர்ப்பை வாசிக்கும் ஆங்கிலத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அவையும் அவனுக்கு உரியவையே.